சுண்ணாம்புக் கோட்டு வீடு

தாட்சாயினி கட்டடக் கலைஞர். மொறட்டுவையில் படித்து, கொழும்பில் வேலை பழகி, பெயருக்குப் பின்னால் போட நாலைந்து எழுத்துகளோடு கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தவள். உரக்கடை ஒன்றுக்கு மேலே அறை எடுத்து, பலகை மாட்டி, பெரிய மேசை போட்டு உட்கார்ந்தாள். ஊர்ச்சனம் அவளுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘பிளான் கீறுற பிள்ளை.’ இத்தனை வருடப் படிப்பும் அந்த மூன்று சொல்லுக்குள் அடங்கிப் போயிற்று.

அவளிடம் வந்தவர்கள் யாரும் வீடு வேண்டும் என்று வரவில்லை. வீடு ஏற்கெனவே அவர்களிடம் இருந்தது. மேசன் சொன்ன வீடு, மச்சான் கட்டின வீடு, யாரோ கைபேசியில் அனுப்பின படத்து வீடு. பிரதேச சபையில் அனுமதி எடுக்க ஒரு கடதாசி வேண்டும், அதற்காகத்தான் படியேறி வந்தார்கள். “உங்கட காணிக்குக் காத்து எந்தப் பக்கத்தாலை வாறது?” என்று அவள் கேட்டால், “அதுக்கென்ன பிள்ளை, ஃபேன் போடுவம்” என்பார்கள். இந்தச் சனத்தை வைத்துக்கொண்டு அவள் என்னதான் செய்வாள், சொல்லுங்கள்!

அப்படியிருந்தும் மூன்று பேருக்கு மனம் வைத்து வீடு கீறினாள். முதலாவது முறிகண்டிப் பக்கம். காற்று நடுவீடு வரை வர நீள யன்னல் வைத்தாள். கள்ளன் வருவான் என்று அதைக் கல் வைத்து அடைத்துவிட்டார்கள். இரண்டாவது பூநகரியில். நடுவில் முற்றம், சுற்றிவர அறைகள். பால் காய்ச்சின அடுத்த கிழமையே முற்றத்துக்கு மேலே தகரம் போட்டு நெல்மூட்டை அடுக்கினார்கள். மூன்றாவதைப் பற்றிப் பேசாமல் விடுவது நல்லது. அதன் முகப்பில் அவள் கீறாத பல்கனி ஒன்று முளைத்திருந்தது. அதற்குப் போகக் கதவே கிடையாது. “பாக்கிறதுக்குத்தானே பிள்ளை” என்றார் வீட்டுக்காரர், பெருமையாக.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள், தலைக்கவசத்தைக் கழற்றாமலே தன் தாய் ராஜினியிடம் சொன்னாள்.

“அம்மா, கொழும்பிலை பழைய இடத்துக்கே திரும்ப வரச்சொல்லிக் கேட்டிருக்கினம். இன்னும் ஒரு வீடு. நான் கீறினபடி, ஒரு கோடும் பிசகாமல் ஒரே ஒரு வீடு எழும்பினால் இஞ்சை இருப்பன். இல்லாட்டிக் கந்தோரைப் பூட்டிப்போட்டுப் போயிடுவன்.”

“முதல்லை அந்தச் சட்டியைத் தலையாலை கழட்டு” என்றார் ராஜினி.

அந்த ஒரே ஒரு வீடு பரமேஸ்வரன், வடிவம்மா தம்பதியுடையதாக வந்து சேர்ந்தது. இரணைமடு வாய்க்கால் ஓரம், ஒழுங்கையெல்லாம் தாண்டி, பஸ் போகும் றோட்டோடு ஒட்டின காணி. இருவருடைய தாய் தகப்பனும் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். நாற்பது வருடமாக இங்கே வயல் செய்தும் வடிவம்மாவின் பேச்சு மட்டும் மலையிலிருந்து இன்னும் இறங்கவில்லை. ஒரே மகன் தர்ஷன் பிரான்சில். பின்பக்கம் இருக்கும் இரண்டறை வீட்டை விட்டுவிட்டு, முன்னுக்கு ஒரு புது வீடு கட்டுங்கள் என்று அவன் சொல்லியிருந்தான்.

தாட்சாயினி கேட்காத கேள்வியில்லை. எத்தனை அறை, எந்தப் பக்கம் வாசல், சுவாமியறை எங்கே, தண்ணீர்த்தாங்கி எங்கே. எல்லாம் கேட்டு, வெயிலும் நிழலும் பார்த்து, முன்னால் மகனுக்கு ஒரு நல்ல அறை, பின்னால் தென்கிழக்கே அக்கினி மூலையில் சமைக்கக் குசினி என்று அழகாகக் கீறிக்கொண்டு வந்து விரித்தாள். வடிவம்மா குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

“ரொம்ப வடிவா இருக்கு புள்ள. இந்த வளைஞ்சு வளைஞ்சு இருக்கே, இதெல்லாம் என்னா பூவு?”

“அது பூ இல்லை அம்மா, கதவு. கதவு திறக்கிற பக்கம்.”

“ஓ! எனக்குப் பூவாவே இருக்கட்டும்” என்றார் வடிவம்மா.

அப்போதுதான் தாட்சாயினிக்கு உறைத்தது. அட கடவுளே, இவர்களுக்குப் படம் விளங்கவேயில்லை! விளங்காததால்தான் தலையாட்டுகிறார்கள். தலையாட்டியவர்கள் நாளைக்கு மேசன் சொல்வதற்கும் தலையாட்டுவார்கள். மேசன் சுகிர்தனோ பிளானை நாலாய் மடித்துச் சேர்ட் பைக்குள் வைத்து, “இதை நான் பாக்கிறன் மிஸ்” என்றான். அவன் கட்டுகிற வீடு ஊரெல்லாம் ஒரே வீடுதான். கண்ணைக் கட்டிவிட்டாலும் கட்டுவான். போதாததற்கு, தர்ஷன் நாலு தூணும் மேல்மாடியும் உள்ள ஒரு வீட்டுப் படத்தை அனுப்பி, “இதைப்போலை” என்று எழுதியிருந்தான். அத்திவாரக்கல் வைக்க நாள் குறித்தாயிற்று. அதற்குள் இவர்கள் மனதில் வீடு ஏறாவிட்டால், கொழும்புக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

வழி கிடைத்தது ஒரு பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில். றோட்டோரம் ஸ்கூட்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தாள். மைதானத்தில் வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு. ஒரு பிள்ளை கோட்டை மிதித்துவிட்டது என்று இரண்டு தாய்மார் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டை. கோட்டுக்கு எங்கள் சனம் கொடுக்கும் மரியாதை அது. சட்டத்துக்குக்கூட அவ்வளவு கொடுப்பதில்லை.

மறுநாளே ஒரு மூடை சுண்ணாம்புத் தூளோடு போய் இறங்கினாள். நூல் பிடித்து, முளை அடித்து, வடிவம்மாவின் காணியில் வீட்டை முழு அளவில் நிலத்திலேயே கீறினாள். சுவருக்குச் சுவர், வாசலுக்கு இடைவெளி, கதவுக்கு அந்த வளைந்த பூவையும் விடவில்லை. வடிவம்மா வாயில் கைவைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வலது காலை எடுத்து உள்ளே வைத்தார்.

அந்த நிமிடத்திலிருந்து அது வீடாகிவிட்டது. கேளுங்கள் கதையை!

வயலால் வந்த பரமேஸ்வரன் நேரே நடந்து கோட்டைத் தாண்டினார்.

“வாசல் இருக்குல்ல? செவத்துக்குள்ளாற எங்க வர்றீங்க?” என்று வடிவம்மா போட்ட சத்தத்தில் மனிதர் திரும்பிப் போய், சுற்றி, வாசலால் வந்தார். அன்றைக்குப் பின்னேரம் நாலு பிளாஸ்டிக் கதிரை ஹோலுக்கு வந்தது. அடுத்த நாள் சுவாமிப்படம் ஒன்று கல்லில் சாத்தி வைக்கப்பட்டது. அதற்கடுத்த நாள் வடிவம்மா மண் அடுப்பைத் தூக்கிக்கொண்டுபோய்ப் புதுக் குசினிக்குள் வைத்துச் சமைக்கத் தொடங்கினார். ஆடு ஒன்று சுவாமியறைக்குள் புகுந்ததற்கு மஞ்சள் தண்ணீர் தெளித்துத் துடக்குக் கழித்தார்கள்.

ஊர் திரண்டு வந்தது. பக்கத்துக் காணிக் கதிர்காமநாதனும் மனைவி சிவனேஸ்வரியும் முதல் ஆளாக வந்தார்கள். குடியேற்றத் திட்டம் தொடங்கின காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வயல் வாங்கின குடும்பம். எதற்கும் சட்டம் பேசுகிற மனிதர். வந்தவர் ஒரு மூலையில் நின்று நெல்லு விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார், பேசினார், பேசிக்கொண்டே நின்றார். அவர் நின்ற இடம் கக்கூசு. வடிவம்மாவுக்குச் சொல்லவும் கூச்சம், சொல்லாமலிருக்கவும் முடியவில்லை. சிவனேஸ்வரிதான் கோட்டைக் கவனித்துவிட்டு, “இஞ்சாருங்கோ, முதல்லை அதுக்குள்ளாலை வெளியிலை வாங்கோ!” என்று பல்லைக் கடித்தார். மனிதர் வெளியே வந்து, யோசித்து, கிணற்றடிக்குப் போய்க் காலும் கழுவினார்.

தாட்சாயினி ஒவ்வொரு பின்னேரமும் ஸ்கூட்டியில் வந்து பார்த்துவிட்டுப் போனாள். மகிழ்ச்சி என்றால் மகிழ்ச்சி, தலைகால் தெரியவில்லை. அவள் கீறின வீட்டுக்குள் ஆட்கள் நடமாடுகிறார்கள், சாப்பிடுகிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள். வேறு என்ன வேண்டும் ஒரு கட்டடக் கலைஞருக்கு?

மிஞ்சி இருந்தது மேல்மாடி. தர்ஷன் வீடியோவில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “எல்லாம் சரி, மேல்மாடி எங்கை?” என்று நின்றான். மேல்மாடியை நிலத்தில் எப்படிக் கீறுவது? பக்கத்தில்தான் கீறலாம். பக்கத்தில் இடம் போதவில்லை. பரமேஸ்வரன் வேலியில் நட்டிருந்த இரண்டு கதியாலைப் பிடுங்கி வழி விட்டு, கதிர்காமநாதன் வவுனியாவுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, மேல்மாடியை அவருடைய காணிக்குள் கீறுவித்துவிட்டார். படியேறுவதென்றால் வேலியைத் தாண்ட வேண்டும்.

கதிர்காமநாதன் திரும்பி வந்து பார்த்தபோது அவருடைய வாழைக்குக் கீழே பரமேஸ்வரன் பல்கனியில் கதிரை போட்டு இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

“பரமேஸ்! உன்ர மேல்மாடி என்ர காணிக்குள்ளை நிக்குது!”

“சுண்ணாம்புதாங்க அய்யா.”

“இண்டைக்குச் சுண்ணாம்பு, நாளைக்குச் சீமெந்து! எனக்குத் தெரியாதே உங்கட விளையாட்டு?”

பேச்சு முற்றி, கிராம சேவகர் வரை போயிற்று. அவர் மோட்டார் சைக்கிளில் வந்திறங்கி, நேரே யன்னலால் வீட்டுக்குள் வந்தார். அரசாங்க உத்தியோகத்தர் என்பதால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கீழ்வீட்டைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், அந்தப் பக்கம் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். “முதல்லை எல்லாரும் மேல்மாடியாலை இறங்குங்கோ” என்றார். எல்லாரும் ஒவ்வொருவராக வேலியால் இறங்கி வந்தார்கள். காணி கதிர்காமநாதனுடையது, ஆகவே மேல்மாடி வைக்க முடியாது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போனார்.

மேல்மாடி என்பது வீட்டுக்கு மேலேதான் வரும், பக்கத்துக் காணிக்குள் வராது என்று தாட்சாயினி ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கள்ளி, வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். வடிவம்மா கைபேசியை வாங்கி, “தம்பி, மாடியால ஊரே ரெண்டாப் போச்சு. மாடியும் வேணாம், மண்ணும் வேணாம்” என்று மகனுக்குச் சொல்ல, அவனும் சரியென்றுவிட்டான். நாலு தூணும் அதோடு போயிற்று.

மேசன் சுகிர்தனும் தப்பவில்லை. அளவு பார்க்க வந்தவன் “ஹோலை ஒரு அடி வெட்டிக் கராஜுக்கு விடுவம்” என்று வாயெடுத்ததுதான் தாமதம், சிவனேஸ்வரி பாய்ந்தார். “அந்தச் சுவரிலை கை வைச்சியோ தெரியும்! நான் அதிலைதான் கதிரை போட்டு இருக்கிறனான்!” அவன் பயந்துபோய்ச் சேர்ட் பைக்குள் இருந்த பிளானை முதன்முதலாக விரித்துப் பார்த்தான். தாட்சாயினிக்கு அதைக் கண்டபோது உண்மையாகவே கண் கலங்கியது.

கல் வைப்பதற்கு முதல் நாள் பின்னேரம். குசினிக் கோட்டுக்குள் சின்ன முக்காலியில் இருந்து வடிவம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். றோட்டால் போன ஒருவரையும் விடவில்லை. “ஏம்ப்பா ஜெயந்தன், மாமியாருக்குக் காய்ச்சல் விட்டிருச்சா?” “அடியே கௌசலா, என்னா இன்னைக்குப் பஸ்ஸு பிந்திருச்சு?” மீன்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, றோட்டிலிருந்தே மீன் காட்டினார். வடிவம்மா தலையாட்டி வேண்டாம் என்றார்.

“வீடு பிடிச்சிருக்கோ அம்மா?” என்று தாட்சாயினி கேட்டாள். கேட்காமல் இருந்திருக்கலாம்.

“இந்த வீடு மாதிரி ஒரு வீடு ஒலகத்துல கெடையாது புள்ள. எங்க ஒக்காந்தாலும் ரோடு தெரியுது!”

எல்லாரும் சிரித்தார்கள். தாட்சாயினியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கட்டால் வந்தவள், பாதி வழியில் சிரிப்பை நிறுத்தினாள். பிறகு ஸ்கூட்டியையும் நிறுத்தினாள்.

றோடு தெரிகிறது. ஏனென்றால் சுவர் இல்லை. அந்த மனுஷி விரும்புவது இவள் கீறின வீட்டை அல்ல; இவள் கீறின வீட்டில் சுவர் எழும்பாமல் இருப்பதைத்தான் விரும்புகிறார். நாளைக்குக் கல் வைத்து, மாரிக்குள் சுவர் எழும்பினால், அக்கினி மூலைக்குள் வடிவம்மா ஒரு சீமெந்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு கீரை ஆய வேண்டும். தண்ணீர்த்தாங்கி எங்கே என்று கேட்டவள், நீங்கள் எங்கே இருப்பீர்கள், எதைப் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள் என்று கேட்கவில்லை. தாட்சாயினிக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. நாசமாய்ப்போன வீடு, ஒரு கோடும் பிசகாமல் எழும்பப் போகிறது!

விடிய ஆறு மணிக்கெல்லாம் போய்விட்டாள். குத்துவிளக்கு, தேங்காய், மாவிலை எல்லாம் தயார். ஊரும் வந்துவிட்டது. தர்ஷன் பரமேஸ்வரனின் கைபேசிக்குள் கோட் போட்டுக்கொண்டு நின்றான். தாட்சாயினி நேரே குசினிக்குப் போய், காலால் கோட்டை அழிக்கத் தொடங்கினாள்.

“பிள்ளை! என்ன செய்யிறாய்? சுவரை உடைக்கிறாய்!” என்று கதிர்காமநாதன் கத்தினார்.

“குசினியை முன்னுக்குக் கொண்டுபோறன். தம்பியின்ர அறை பின்னுக்குப் போகட்டும்.”

அவ்வளவுதான், வீடு இரண்டுபட்டது. குசினியை றோட்டுக்கு வைத்தால் வருகிற போகிற சனமெல்லாம் சட்டிக்குள் எட்டிப் பார்க்கும் என்றார் சிவனேஸ்வரி. அக்கினி மூலையை விட்டால் அடுப்பு எரியாது என்றார் கதிர்காமநாதன். வடமேற்கே வாயு மூலைக்கும் குசினி வரலாம், சாத்திரக்காரர் எல்லாரும் அதற்குச் சம்மதம் என்றாள் தாட்சாயினி. “அப்ப நான் பின்னுக்கோ?” என்று கைபேசிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. சுகிர்தன் பிளானை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “மிஸ், இது பாஸ் பண்ணின பிளான். நான் ஒரு அங்குலமும் விலக மாட்டன்” என்றான்.

பாருங்கள் அநியாயத்தை! மூன்று வருடமாக யாராவது ஒருவர் இந்த வசனத்தைச் சொல்ல மாட்டாரா என்று ஏங்கியவள் அவள். இன்றைக்கு ஊரே சேர்ந்து சொல்லுகிறது, அவளுக்கு எதிராக.

“சுபநேரம் முடியப் போகுது. திருத்தப் பிளானை நானே சபைக்குக் கொண்டுபோய்க் குடுக்கிறன். ஆரும் ஒரு தறப்பாள் எடுத்து வாங்கோ” என்றாள்.

நெல்லுக் காயவிடுகிற நீலத் தறப்பாள் வந்தது. வடிவம்மாவை முதல் கீறின குசினிக்குள் முக்காலியில் இருத்தினாள். முன்னால், சுவர் வர வேண்டிய இடத்தில், இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்று தறப்பாளை உயர்த்திப் பிடித்தார்கள். வடிவம்மா மறைந்துபோனார்.

றோட்டால் ஒரு மோட்டார் சைக்கிள் போய், தூரத்தில் ஹோர்ன் அடித்தது.

“யாரு போறாக?” என்று தறப்பாளுக்குப் பின்னால் இருந்து கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்துத் தறப்பாளின் கீழ்ப்பக்கம் ஆடியது. அதைத் தூக்கிக்கொண்டு வடிவம்மாவின் தலை மட்டும் வெளியே வந்து றோட்டை இரண்டு பக்கமும் பார்த்தது. பிறகு தாட்சாயினியைப் பார்த்தது.

“ஏன் புள்ள, கட்டுன பெறகு செவத்த இப்புடித் தூக்க ஏலுமா?”

சிவனேஸ்வரி முதலில் சிரித்தார். சிரித்துச் சிரித்து, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “முன்னுக்கே வையுங்கோ” என்றார். கதிர்காமநாதன் தானே போய்த் தறப்பாளை வாங்கிச் சுருட்டினார். தர்ஷன், “அம்மா, நான் வந்தால் பின்னுக்கே படுக்கிறது?” என்று கேட்டதற்கு, “நீ மொதல்ல வா, அப்பறம் பாப்போம்” என்றார் வடிவம்மா.

தாட்சாயினி சுண்ணாம்பு வாளியைத் தூக்கினாள். நூலும் இல்லை, முளையும் இல்லை, குனிந்தபடியே ஓடி ஓடிப் புதுக் கோடு போட்டாள். சுகிர்தன் பின்னால் அளவு நாடாவோடு ஓடினான். நேரம் தப்ப முன் கல் வைத்தாயிற்று, தேங்காயும் உடைத்தாயிற்று. வடிவம்மா ஒருவரையும் கேட்காமல் முக்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் புதுக் குசினிக்குள் போட்டு, றோட்டைப் பார்த்து உட்கார்ந்தார்.

தாட்சாயினி முழங்கை வரை வெள்ளையாக, வேலியோரம் நின்று மூச்சு வாங்கினாள். கைபேசி அடித்தது. அம்மா.

“கல்லு வைச்சாச்சே? நீ கீறினபடிதானே?”

“இல்லை அம்மா.”

“ஐயோ, இவையும் மாத்திப்போட்டினமே! ஆர் மாத்தினது, மேசனோ?”

“நான்தான்.”

“அப்ப கொழும்புக்கு எப்ப வெளிக்கிடுறாய்?”

“போகேல்லை. அவைக்கு இண்டைக்கே சொல்லிவிடப் போறன்.” றோட்டில் போன பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரையும் வடிவம்மா நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே தாட்சாயினி கேட்டாள்: “அம்மா, நீங்கள் குசினியிலை எந்தப் பக்கம் பாத்துக்கொண்டு இருக்கிறனீங்கள்?”

“இதென்ன விசர்க் கேள்வி?”

“சொல்லுங்கோவன்.”

ராஜினி யோசித்தார். அடுப்பில் ஏதோ கொதிக்கும் சத்தம் கைபேசிக்குள் கேட்டது.

“சுவரைப் பாத்துத்தான், பிள்ளை. வேற எதைப் பாக்கிறது?”